மூன்றாய்ப் பிரிந்த ஒன்று

ஜெரோமியின் அழைப்பு வந்தபோது பாடசாலையில் இடைவேளை. சுதர்ஷினி கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறையை விட்டு வெளியே வந்தாள். ஹட்டன் நகரத்தின் மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. மைதானத்தில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது, பிள்ளைகளைக் காணவில்லை.

"டீச்சர், பேசலாமா?"

"பேசுங்க மிஸ்."

"அந்த ஒன்னு பிரிஞ்சிருச்சு. ஆனா ரெண்டா பிரியல. நேரா மூனா பிரிஞ்சிருக்கு."

ஜெரோமி கினிகத்தேனைக்காரி. கண்டியில் பிள்ளைப்பேற்றுச் சிகிச்சை நிலையம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை. சுதர்ஷினியின் சூல்களையும் அவள் கணவன் யோகேஸ்வரனின் விந்தையும் ஒன்றுசேர்த்து, கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது அவள்தான். எடுத்த சூல்களே கொஞ்சம். அவற்றில் கருக்கட்டியது ஒன்றே ஒன்று. அதற்கு வேறு பெயர் வைக்கப் பயந்துகொண்டு எல்லோரும் "அந்த ஒன்னு" என்றே சொல்லி வந்தார்கள்.

சுதர்ஷினி உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பவள். உயிர்க்கலம் பிரிவதை எத்தனையோ வருடமாகக் கரும்பலகையில் வரைந்து வருகிறாள். ஒரு வட்டம். அதன் இரு முனைகளிலும் புள்ளி வைத்தாற்போல் புன்மையத்திகள். அவற்றுக்கிடையே நடுவில் அகன்று முனையில் ஒடுங்கும் நூல்கள். அதற்குக் கதிர் என்று பெயர். பரம்பரையைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் நடுவே வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கத்து நூலும் பிடித்த பிறகுதான் கலம் பிரியும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். மூன்று பக்கமும் இழுத்தால் நிறமூர்த்தங்கள் தாறுமாறாகப் போய்ச்சேரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அப்ப அது சரிவராது, இல்லையா மிஸ்?"

"அப்படி நான் சொல்ல மாட்டேன் டீச்சர். நாளைக்கு அண்ணனையும் கூட்டிக்கிட்டு வாங்களேன். படம் இருக்கு, காட்டுறேன்."

மணி அடித்தது. சுதர்ஷினி வகுப்புக்குப் போய்ப் பூக்கும் தாவரங்களைப் பற்றிப் படிப்பித்தாள். என்ன சொன்னாள் என்பது பிறகு அவளுக்கு ஞாபகம் இல்லை.

யோகேஸ்வரன் ஹட்டன் பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்தான். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று சுற்றுவட்டத் தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் கெமராவைத் தூக்கிக்கொண்டு போகிறவன். வீடு கடைக்கு மேலேயே. அவள் வந்து சேதி சொன்னபோது லென்ஸ் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கும் கை நின்றது.

"படமா? அதுக்குள்ளேயும் கெமரா இருக்கா?"

"அது இருக்கிற பெட்டியிலேயே இருக்காம். விட்டுவிட்டுப் படம் எடுத்துக்கிட்டே இருக்குமாம்."

"அப்ப போய்ப் பாக்கணும்."

"என்னாத்த பாக்குறது? அது சரிவராதுங்க."

"பாத்துட்டு வருவோம் சுதா," என்றான் அவன்.

மறுநாள் காலை கண்டி பஸ் ஏறினார்கள். வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, ஜன்னலோரம் சாய்ந்திருந்த சுதர்ஷினிக்குக் கண் சொக்கியது. கதவில்லாத, உருண்டையான ஒரு பெரிய அறைக்குள் அவள் நிற்பதுபோல் இருந்தது. அறை முழுக்க வெதுவெதுப்பான, தண்ணீர் மாதிரியான வெளிச்சம். எங்கிருந்து என்று தெரியாமல் வெள்ளை நூல்கள் வளர்ந்து வந்தன. ஒரு நூல் அவள் தோளைத் தொட்டது, பிறகு விட்டுவிட்டு வேறு யாரையோ தேடிப் போனது. 'நான்தான், நான்தான்' என்று சொல்ல நினைத்தாள். குரல் வரவில்லை. "வடே, இஸ்ஸோ வடே" என்று இறால் வடை விற்பவர் யாரோ காதருகே கத்தினார். விழித்தபோது பஸ் கினிகத்தேனையில் நின்றிருந்தது.

சிகிச்சை நிலையத்தில் ஜெரோமி அவர்களை வெளிச்சம் குறைந்த சின்ன அறைக்குள் கூட்டிப்போனாள். பச்சைத் தொப்பிக்குள் முடியைச் சொருகியிருந்த, களைத்த முகமுள்ள இளம்பெண். திரையில் ஒரு வட்டம் வந்தது. மணல் தூவினாற்போன்ற மேற்பரப்பு. அதற்குள் இரண்டு சிறிய வட்டங்கள்.

"இது டீச்சரோட பக்கம். இது அண்ணனோட பக்கம்," என்று சுட்டிக் காட்டினாள் ஜெரோமி. "ரெண்டு பேரோட நிறமூர்த்தமும் இன்னும் தனித்தனி வீட்டுலதான் இருக்கு. இப்ப பாருங்க, கிட்ட வருது."

இரண்டு வட்டங்களும் மெல்ல நகர்ந்து ஒன்றையொன்று தொட்டன. தொட்டபடியே நெடுநேரம் நின்றன. பிறகு இரண்டும் ஒரே சமயத்தில் கரைந்து மறைந்தன. கலம் லேசாகக் குலுங்கியது, ஒரு பக்கம் இழுபட்டது, இன்னொரு பக்கம் இழுபட்டது. ஒரே மூச்சில் மூன்று உருண்டைகளாக உட்கார்ந்தது. இரண்டு பெரியவை, ஒன்று சற்றுச் சிறியது.

யோகேஸ்வரன் மூச்சை இழுத்துக்கொண்டான்.

"நான் படிப்பிக்கிற மாதிரியே இல்லையே மிஸ்," என்றாள் சுதர்ஷினி.

"கரு முளையத்தோட தொடக்கம் அப்படித்தான் டீச்சர். நம்ம ஒடம்புல கலம் பிரியிறது ஒரு மாதிரி, இது வேற மாதிரி. சூலுக்குன்னு சொந்தமா புன்மையத்தி கெடையாது, வளரும்போதே தொலைச்சிரும். அதைத் தகப்பன் பக்கம்தான் கொண்டுவரணும். அம்மாவோட நிறமூர்த்தத்தச் சுத்தி ஒரு நூல் கட்டு, அப்பாவோடதச் சுத்தி இன்னொன்னுன்னுகூட மொதல்ல கட்டும். பெறகு ரெண்டும் சேந்து ஒரே கதிராகணும். இதுல முனை ஒன்னு கூடிப்போயி, மூனு பக்கம் இழுத்துருச்சு."

"ஒழுங்கா பிடிபடாட்டி கலம் நிறுத்தி வைக்கணுமே. அதுக்கு ஒரு காவல் இருக்குன்னுதானே நாங்க சொல்லிக்குடுக்கிறோம்?"

"இருக்கு. ஆனா இந்தக் கட்டத்துல அந்தக் காவல் லேசு. மனுசருக்கு மட்டும் இல்ல, மாட்டுக்கும் எலிக்கும் இதே கதைதான். கலம் பெருசா இருக்கும், சாமான் பூராவும் அம்மா சூலுக்குள்ள சேத்து வச்சது. முளையம் தன்னோட பரம்பரையலகுகள இன்னும் எழுப்பவே இல்ல. அதனால பிழை விடும். பிரியப் பிரியக் கலம் சின்னதாகும், கதிரும் அதுக்கேத்த மாதிரி சின்னதாகும். சொந்தச் சாமான் வந்து சேரும், காவலும் இறுகும்." அவள் சிரித்தாள். "எலி முளையத்துல ஆரம்பத்துல புன்மையத்தியே இருக்காது டீச்சர். முனைன்னு ஒன்னு இல்லாமலே நூலெல்லாம் தானா கூடி, தானா ஒழுங்காகிப் பிரியும். புன்மையத்தி பெறகுதான் புதுசா முளைக்கும். நான் படிக்கிற காலத்துல அதைப் பாத்துக்கிட்டே சோறு திங்க மறந்திருக்கேன்."

"பிழை விட்டதெல்லாம் செத்துப் போகுமா?" என்று கேட்டான் யோகேஸ்வரன்.

"நெறைய நின்னுரும் அண்ணே. சிலது பிழையான கலத்த ஒதுக்கிட்டு, இருக்கிறத வச்சு வளரும். இது எந்த வகைன்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

சுதர்ஷினி திரையைப் பார்க்காமல் சொன்னாள்: "வேணாம் மிஸ். எடுத்துருங்க."

ஜெரோமி யோகேஸ்வரனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவளுக்கு ஏன் வேண்டாம் என்று அவனுக்குத் தெரியும். முன்னே இரண்டு முறை கரு தானாகவே தங்கியது, தானாகவே போனது. இரண்டாவது முறை ஓரளவு வளர்ந்த பிறகு. பிள்ளைக்கு வாங்கிய தொப்பியும் கையுறையும் அலுமாரியின் மேல்தட்டில் கிடந்து, பிறகு ஒருநாள் யாருக்கோ கொடுக்கப்பட்டன. பிழையானது என்று தெரிந்தே ஒன்றைச் சுமந்து, அதையும் இழக்க அவளால் ஆகாது.

மருத்துவர் ஒரு சிங்களப் பெண்மணி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்றைக்கே முடிவெடுக்கத் தேவையில்லை என்றார். அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும். வளர்ந்தால் பேசுவோம்; நின்றுவிட்டால் பேச எதுவும் இருக்காது.

வெளியே வரும்போது யோகேஸ்வரன் அந்தப் படத்தைத் தன் தொலைபேசிக்கு அனுப்பித் தரச்சொல்லி ஜெரோமியிடம் கேட்டான். சுதர்ஷினிக்குக் கோபம் வந்தது. வீடு வந்து சேரும்வரை அடக்கி வைத்திருந்தாள்.

"ஏன் இப்படி ஆசைய வளக்குறீங்க?"

"ஆசை இல்ல சுதா."

"வேற என்னா? போன தடவ ஸ்கேன் பண்றப்ப துடிப்பு இல்லன்னு சொன்னாங்களே, அப்ப நீங்க வெளிய நின்னீங்க. நான்தான் உள்ள படுத்துக் கெடந்தேன்."

"ஆமா, வெளியதான் நின்னேன். உள்ள என்னா நடந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அதான் இந்த தடவ ஆரம்பத்துல இருந்தே பாக்கணும்னு நெனைச்சேன். பாக்காம இருந்திருந்தா நானும் வேணாம்னுதான் சொல்லிருப்பேன். பாத்துட்டேனே."

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. பஜாரில் பாதிக்கடை திறக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் அவன் மேலே வராததால் சுதர்ஷினி கீழே இறங்கிப் போனாள். கதவு சாத்தியிருந்த ஸ்டூடியோவில், கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் பெரிய திரையில் அந்த வட்டம் மிதந்துகொண்டிருந்தது. அவன் அதை மிக மெதுவாக ஓடவிட்டிருந்தான்.

திட்டவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். திட்டவில்லை. மணப்பெண்களை உட்காரவைக்கும் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கரும்பலகையில் அவள் வரையும் கலங்கள் அசையாதவை. ஒரு கட்டம், அடுத்த கட்டம் என்று தள்ளித்தள்ளி வரைந்து பெயர் எழுதுவாள். இங்கே கட்டம் எதுவும் இல்லை. எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றாய் வழிந்துகொண்டிருந்தது. மேற்பரப்பு நடுங்கியது, அடங்கியது, மறுபடி நடுங்கியது. அந்த இரு சிறு வட்டங்களும் நெருங்கி வருவதற்கு அவளுடைய சாமான்களைத்தான் செலவழித்துக்கொண்டிருந்தன. அவள் அறியாமல், அவள் பிறக்குமுன்பே தொடங்கிய சூல் ஒன்றில், அவள் உடம்பு வருடக்கணக்காகச் சேர்த்து வைத்தவை. வெளியே மூடுபனி பஜாரை விழுங்கிவிட்டது. பஸ் சத்தம் இல்லை, கோயில் மணி இல்லை, மலை இல்லை. தாம் இருவரும்தான் அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் அவளுக்கு ஒரு மயக்கம் வந்தது.

கலம் குலுங்கி இழுபடும் இடம் வந்தது.

"கொஞ்சம் மெதுவா பிரிஞ்சா என்னா?" என்று வகுப்பில் அவசரக்காரப் பிள்ளையிடம் கேட்பதுபோல் திரையைக் கேட்டாள்.

யோகேஸ்வரன் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறுபடி போடுங்க," என்றாள்.

அடுத்த நாள் பிற்பகல் ஜெரோமி அழைத்தாள். குரலில் நிதானம் இல்லை.

"டீச்சர், நல்லா பிரிஞ்சு நெறையக் கலமாகிருச்சு. எல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டி நெருங்கி உருண்டையாகிருச்சு. ஆனா ஒரு சிலதை மட்டும் சேத்துக்கல. ஓரமா வெளிய விட்டிருச்சு."

சுதர்ஷினி சுவரில் சாய்ந்துகொண்டாள். "எது? அந்தச் சின்னதுல இருந்து வந்ததா?"

"படத்தப் பின்னால ஓட்டிப் பாத்தேன். அதுல இருந்து வந்தது மாதிரித்தான் இருக்கு. ஆனா உள்ள சேந்ததெல்லாம் சுத்தம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"வேணாம் மிஸ், சத்தியம் வேணாம்," என்றாள் சுதர்ஷினி. பிறகு ஸ்டூடியோவுக்கு அழைத்தாள். "நாளைக்கு கடைய மூடுங்க."

"ஏன்?"

"கண்டிக்குப் போறோம்."

மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. சில கலங்களைக் கிள்ளிச் சோதிக்கலாம், ஆனால் இருப்பது ஒன்றே ஒன்று, கிள்ளுவதே அதற்கு ஆபத்தாகலாம். கருப்பைக்குள் வைத்தாலும் ஒட்டாமல் போகலாம். ஒட்டினாலும் இடையில் நின்றுவிடலாம். "ஒக்கொம தன்னவா நே, டீச்சர்?" என்று கேட்டார். எல்லாம் தெரியும்தானே என்று.

"தன்னவா டொக்டர்," என்றாள் சுதர்ஷினி. "தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

யோகேஸ்வரன் அவள் தலைமாட்டில் நின்றான். உள்ளே வைக்கும்போது திரையில் சின்ன வெளிச்சப் பொட்டு ஒன்று வந்து தங்கியது. அவ்வளவுதான். வலிக்கவில்லை.

பிறகு வந்த நாட்களை அவள் விழித்தும் விழிக்காமலும் கழித்தாள். அவளுடைய அம்மா வேலாயி றொசல்லப் பக்கத்துத் தோட்டத்தில் இன்னமும் கொழுந்து பறிப்பவள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து சேர்ந்தாள். என்ன வைத்தியம், எப்படி என்று எதையும் கேட்கவில்லை. சமைத்தாள், மகளுக்குக் கால் பிடித்துவிட்டாள், சாயங்காலம் மருமகனோடு உட்கார்ந்து அவன் எடுத்த கல்யாணப் படங்களைப் பார்த்தாள்.

பகலில் மழைச் சத்தத்தோடு தூக்கம் வந்தது. தூக்கத்தில் முன்பு கண்ட உருண்டை அறை இப்போது பல சின்னச் சின்ன அறைகளாகியிருந்தது. நூல்கள் மெலிந்து, நறுக்காக, தங்கள் வேலை தெரிந்தவையாக இருந்தன. ஒவ்வொரு அறை வாசலிலும் யாரோ குந்தியிருந்து, திறக்குமுன் "யாரு? எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார்கள். உள்ளேயிருந்து பதில் வரும்வரை திறக்கவில்லை.

"என்னா புள்ள, தூக்கத்துல சிரிக்கிற?" என்று வேலாயி எழுப்பினாள்.

இரத்தச் சோதனையில் தங்கியிருப்பது தெரிந்தது. இருவரும் யாரிடமும் சொல்லவில்லை. தங்களுக்குள்ளும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஸ்கேன் அறைக்குள் யோகேஸ்வரனையும் விட்டார்கள். மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்துக்குள் ஏதோ ஒன்று விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. எத்தனையோ பேரின் சந்தோஷத்தைப் படம் பிடித்த யோகேஸ்வரன் தொலைபேசியை வெளியே எடுக்கக்கூட மறந்து நின்றான்.

ஆனால் கதை அதோடு சுகமாக முடியவில்லை. பிள்ளை வளர்ந்தது, வளரவேண்டிய அளவுக்கு வளரவில்லை. கருப்பை நீரை எடுத்துச் சோதித்தார்கள். பிள்ளையின் நிறமூர்த்தங்கள் சரியாகவே இருந்தன. தாயையும் பிள்ளையையும் இணைக்கிற சூல்வித்தகத்தில்தான் பலம் குறைவு என்றார் மருத்துவர். அதுவும் அந்த முளையத்திலிருந்து வந்ததுதான். பிழையான கலங்கள் சில அந்தப் பக்கம் போயிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது.

அன்று வீட்டுக்கு வந்து சுதர்ஷினி அழுதாள். யோகேஸ்வரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஆறுதல் சொல்லத் தெரியாமல் அவன் அவள் வயிற்றைப் பார்த்து, "குடுக்கிறத வச்சுக்கிட்டு வளந்துக்கம்மா, மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்," என்றான். அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

மாதம் நிறையுமுன் அறுவைச் சிகிச்சை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண். யோகேஸ்வரனின் உள்ளங்கையிலும் மணிக்கட்டிலுமாக அடங்கிவிடும் அளவு. கண்டி ஆஸ்பத்திரியில், குறைமாதப் பிள்ளைகளை வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். சுதர்ஷினி வட்டமான துளை வழியாகக் கைவிட்டு ஒரு விரலை அவள் கையில் கொடுப்பாள். பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும். தாதிமார் வந்து போகச்சொல்லும்வரை அப்படியே நிற்பாள். சில நாள் பிள்ளை மூச்சு விட மறந்தது. யாராவது பாதத்தைச் சுண்டி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. பிறகு மறக்காமல் விடப் பழகிக்கொண்டது. பால் குடிக்கப் பழகியது. ஒருநாள் கொண்டுபோகலாம் என்றார்கள்.

பிள்ளை வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில், ஒரு பௌர்ணமிப் போயா லீவில், கினிகத்தேனைக்கு வந்திருந்த ஜெரோமி ஹட்டனுக்கு பஸ் ஏறி வந்தாள். தொப்பியும் அங்கியும் இல்லாமல், பூப்போட்ட சட்டையோடு வாசலில் நின்றவளைச் சுதர்ஷினிக்கு உடனே அடையாளம் தெரியவில்லை.

"கை கழுவிட்டுத்தான் தொடுவேன் டீச்சர்," என்று சொல்லி நேராகக் குழாயடிக்குப் போனாள். நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

வேலாயி பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஜெரோமி அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டாள், காது மடலைத் தொட்டாள்.

"சின்னதா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க மிஸ்," என்றாள் சுதர்ஷினி.

ஜெரோமி நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "எங்களுக்கு இவங்கள அஞ்சாறு நாளைக்குத்தான் தெரியும் டீச்சர். பெறகு யாரும் எங்க கண்ணுல படுறதில்ல. நான் பாத்தவங்கள்லேயே இவதான் பெரியவ."

பிள்ளை மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஒரு தும்மல் போட்டது.

"நூறு!" என்று ஆயுசு வாழ்த்தினாள் வேலாயி, அடுப்படியிலிருந்து.

இன்னொரு தும்மல் வந்தது.

"எரநூறு!" என்று ஜெரோமியும் யோகேஸ்வரனும் ஒன்றாகச் சொன்னார்கள்.